ஆணி ஓட்டை

ஒட்டுக்காரிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது என்று அவள் புருஷன் எல்லாரிடமும் சொல்வான். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பாள். சிரிக்காவிட்டால் தண்ணீரில் பால் என்பாள். பேருந்தில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால்கூட இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆனால் அந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. ராணுவப் பயிற்சி முகாமில் அவளுக்கு வேலையே ஓட்டையைப் பார்ப்பதுதான்.

சுடுதளத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. படையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சுட்டுப் பழகிய அட்டைகள் அங்கேதான் வந்து இறங்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு மனுஷ உருவம், நெஞ்சில் ஒரு வட்டம். தோட்டா துளைத்த இடத்தில் மைதாப் பசை தடவி, தபால் தலை அளவுக்கு வெட்டிய காகிதத்தை ஒட்டி, வெயிலில் காயவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மறுநாள் அதே ஆள் அதே நெஞ்சில் மறுபடி சாவான். பதினெட்டு வருஷமாக அவனுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொட்டகையில் முன்பு எட்டுப் பேர் இருந்தார்கள். கை ஓயாமல் ஒட்டினாலும் பொழுது சாயும்போது நாலு அட்டை மிச்சமிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், படைக்குச் செலவு கூடிப்போச்சு, குறைக்கணும் என்று மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். முதலில் பதினொரு மணி டீ நின்றது. அப்புறம் மின்விசிறி நின்றது. அப்புறம் ஆறு பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ஒட்டுக் காகிதம் வரவில்லை என்று கேட்டதற்குப் பழைய பயிற்சிப் புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு, இதைக் கிழிச்சு ஒட்டுங்க என்றார்கள். 'மூச்சை அடக்கி விசையை மெதுவாக அழுத்தவும்' என்ற வரி யாரோ ஒரு அட்டை மனுஷனின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு போனது.

கடைசியாகத் தோட்டாவில் கை வைத்தார்கள். முன்பெல்லாம் ஆறு மாதப் பயிற்சியில் ஓர் ஆள் நூறு தோட்டாவாவது சுட்டுவிடுவான். இந்த அணிக்கு ஆளுக்கு மூன்று. அதுவும் துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள. மிச்சத்தையெல்லாம் வாயால் சுட்டார்கள். தொண்டை வாத்தியார் என்று பேர் வாங்கிய பயிற்சியாளர் "சுடு!" என்று கத்த, வரிசையாகப் படுத்திருந்த அறுபது பேரும் "டுமீல்!" என்று கத்துவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவர்கள் முதல் நாள் பயந்து ஓடினார்கள், இரண்டாம் நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாரி ஓட்டப் பழகுகிறவர்களுக்கும் இதே கதிதான். நாலு லாரியில் மூன்றின் உறுப்புகளைக் கழற்றி நாலாவதில் மாட்டினார்கள். அதற்கும் டீசல் இல்லை.

ஒட்டுக்காரி இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருப்பாள். ஆனால் அந்த அறுபது பேரில் அவள் மகளும் ஒருத்தி.

கொட்டகையில் அவளோடு மிஞ்சியவள் நெட்டை. நின்றால் தகரத்தில் தலை இடிக்கும் உயரம். முழங்கால் வலி வேறு. அவளுடைய ஒரே மகனும் இதே அணியில்தான் இருந்தான். மூக்குக் கண்ணாடி போட்டவன் என்பதால் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பிள்ளை சுட்ட அட்டையைப் பெற்றவள் ஒட்டக் கூடாது என்பது கொட்டகையில் எழுதாத சட்டம். மதிப்பெண் விஷயத்தில் யாரும் குற்றம் சொல்லிவிடக் கூடாதல்லவா? அதனால் மகளின் அட்டை நெட்டை மேசைக்குப் போகும், கண்ணாடியின் அட்டை இவள் மேசைக்கு வரும்.

கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் அறுபது அட்டையும் வந்தன. ஒட்டுக்காரிக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. முந்தின நாள் கொட்டகையில் உட்கார்ந்து அவள் கேட்ட வெடிச் சத்தம் கொஞ்சம்தான். ஆளுக்குப் பத்து தோட்டா என்று பலகையில் எழுதியிருந்தார்கள். சத்தம் ஆளுக்கு இரண்டைத் தாண்டியிருக்காது. இங்கே பார்த்தால் அட்டைக்கு ஆறு ஓட்டை, ஏழு ஓட்டை.

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும். சத்தம் வந்திருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒட்ட ஆரம்பித்தாள். சொன்னதை அவளே நம்பவில்லை.

அரை மணி கழித்து நெட்டை பசைத் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"இந்தாடி, இங்க வா."

"என்னக்கா?"

"உன் மக அட்டை இது. நான் காட்டக் கூடாது, நீ பாக்கக் கூடாது. ஆனா பாரு."

ஒன்பது ஓட்டை. நெஞ்சு வட்டத்துக்குள் ஓர் உள்ளங்கையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம். பெற்ற வயிறு ஒரு கணம் குளிர்ந்தது. ஒரு கணம்தான்.

"வெளிம்பைப் பாரு" என்றாள் நெட்டை.

தோட்டா போன ஓட்டைக்கு விளிம்பில் மையிட்ட மாதிரி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். பின்பக்கம் அட்டை பிய்ந்து மலர்ந்திருக்கும். இதில் வளையமும் இல்லை, பிசிறும் இல்லை. ஒழுங்காகக் குத்தி, ஒரு திருகு திருகி எடுத்த ஓட்டை.

"ஆணிக்கா" என்றாள் ஒட்டுக்காரி.

"ஆணிதான். ஆறங்குல ஆணி. உங்கிட்ட மறைக்க எனக்கு மனசு வரலை. பொட்டப்புள்ளய நாளைக்கு எங்கயாவது கொண்டுபோய் நிறுத்துவானுங்க. பெத்தவளுக்குத் தெரியணுமில்ல?" நெட்டை சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "சரி, எம் மவன் அட்டை உங்கிட்டதான வந்துச்சு? அது எப்படி?"

கண்ணாடியின் அட்டை அப்போதுதான் பசை ஈரத்தோடு மேசையில் கிடந்தது. ஒட்டுக்காரிக்கு ஞாபகம் இருந்தது: ஏழு ஓட்டை, ஒன்றுக்கும் வளையம் இல்லை. ஆனால் சுடுதளத்துக் குழியில் அட்டையை ஏற்றி இறக்குகிற ஒரே ஆள் அவள் புருஷன். ஆணி பிடித்த கை யாருடையது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. நெட்டை மகனுக்காகக் கூச்சல் போட்டால் முதலில் விலங்கு விழுவது அந்தக் கைக்குத்தான்.

"கவனிக்கலைக்கா. ஒட்டி முடிச்சிட்டேன்."

"இருக்காது. உன் புருஷன் உன் மகளுக்குச் செய்வான். எம் மவனுக்கு எவன் செய்யப்போறான்" என்று நெட்டையே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாலையில் குழிக்காரப் புருஷன் வந்து சைக்கிளைச் சாத்தினான். சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றை இடது கையால் பிசைய முயன்றதைப் பார்த்து அவள் தட்டை இழுத்துக்கொண்டாள்.

"வலது கைக்கு என்ன?"

"கயிறு உரசிடுச்சு. அட்டை ஏத்துற கயிறு."

"காட்டுங்க."

"சோத்தைக் குடுடி முதல்ல."

"காட்டினாத்தான் சோறு."

உள்ளங்கை நடுவில் கொப்புளம். கட்டைவிரல் மடிப்பில் இன்னொன்று. கயிறு அப்படி வட்டமாகக் கொப்புளம் போடாது. அவள் தட்டை மட்டும் அவன் பக்கம் தள்ளினாள். அவனுக்கு அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"அறுபது அட்டை! ஒத்தை ஆள் குத்தினேன்" என்றான் கடைசியில். "எனக்கு மட்டும் ஆசையா? ஆளுக்கு ரெண்டு தோட்டாதான் குடுத்தாங்க. பத்துல ஆறு விழுந்தாத்தான் பாஸ். தொண்டை வாத்தியார் வந்து, 'மிச்சத்தை நீ நிரப்பிடு, இல்லேன்னா அணி மொத்தமும் ஃபெயில், முகாமையே மூடிடுவாங்க'ன்னு சொல்றாரு. நான் என்ன பண்ண?"

"எல்லாருக்கும் ஆறு ஏழு. நம்ம பொண்ணுக்கு மட்டும் எப்படி ஒம்பது?"

அவன் முகம் மாறிப்போனது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு கோணல்.

"எம் பொண்ணுடி. அவளுக்கும் ஆறே ஆறு குத்தக் கை வரலை. குத்தக் குத்த அழகா வந்துச்சு. முதலாவதா வரட்டுமேன்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை மதிப்பெண் பட்டியல் ஒட்டினார்கள். மகள்தான் முதல். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: முதல் பத்துப் பேர் பத்து நாளில் எல்லை மேல்முகாமுக்குப் புறப்பட வேண்டும். அங்கே ஒரு மாதமாகச் சண்டை மூண்டிருந்தது. அங்கிருந்து சிலர் கட்டோடு வந்தார்கள், சிலர் பெட்டியில் வந்தார்கள். நன்றாகச் சுடுகிறவர்களாகப் பார்த்து அனுப்பு என்று மேலிடம் கேட்டிருந்தது. பட்டியலைப் படித்த குழிக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடந்து வந்தான்.

மகளுக்கு அரைநாள் விடுப்பு கொடுத்தார்கள். வந்தவள் இரண்டு முட்டையை உரித்து ஒரே வாயில் போட்டுக்கொண்டு, சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். வெயிலில் கறுத்து, தலைமுடி கத்தரித்து, பார்க்க வேறு ஆளாக இருந்தாள்.

"உனக்குத் தெரியுமாடி?" என்றாள் அம்மா.

"நான் சுட்டது ரெண்டு, அதுவும் எங்க போச்சோ. அட்டையில ஒம்பது. எனக்குத் தெரியாம இருக்குமா? எல்லாருக்கும் தெரியும்மா. யாரும் பேச மாட்டாங்க."

"போய்ச் சொல்லிடு. எனக்குச் சுட வராதுன்னு சொல்லிடு."

"அப்பாவ ஜெயிலுக்கு அனுப்பவா?"

குழிக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.

"அப்புறம், வராதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் மகள். "வருமா வராதான்னே தெரியாதும்மா. சுட்டுப் பாத்தாத்தான தெரியும்! நான் துப்பாக்கி முனையில காசை நிறுத்தி வச்சு, அது விழாம விசை அழுத்திப் பழகறேன். தெனமும் ரெண்டு மணி நேரம். காசு விழறதில்லை. ஆனா காசு திருப்பிச் சுடாதுல்ல?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றிலிருந்து ஒட்டுக்காரி யாரையும் நம்பவில்லை. தொண்டை வாத்தியார் தெருவில் வணக்கம் சொன்னால் எதற்குச் சொல்கிறான் என்று யோசித்தாள். புருஷன் சட்டைப் பையைத் தினமும் தடவினாள். நெட்டை அரை ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தால்கூட, எதையாவது மோப்பம் பிடித்துவிட்டாளோ என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றாள்.

மேலிடத்திலும் ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. மூன்று தோட்டாவில் பழகிய அணி இவ்வளவு மதிப்பெண் வாங்கியது எப்படி என்று ஒரு பெரிய அதிகாரி கேட்டுவிட்டு நேரிலேயே வந்து இறங்கினார். பட்டியலில் முதல் பத்துப் பேரும் அவர் கண்ணெதிரே ஐந்தைந்து தோட்டா சுட வேண்டும். மூன்றுக்குக் குறைந்தால் எல்லைக்குப் போக வேண்டாம், கிடங்கில் போர்வை எண்ணலாம். அவர்களுக்குப் பதில் பட்டியலில் அடுத்தவர் போவார். அதற்குக் கிடைத்த அனுமதி ஐம்பது தோட்டா. ஐம்பத்தொன்றாவது கிடையாது.

குழியில் சுடச்சுட ஒட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நெட்டையின் முழங்கால் அந்த ஏணியில் இறங்காது. "சட்டமெல்லாம் எட்டுப் பேர் இருந்தப்ப. நீயே போடி" என்றாள்.

குழி ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். முந்தின நாள் மழையில் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீர். மேலே ராட்டினத்தில் அட்டை நிற்கும். ஐந்து வெடி முடிந்ததும் குழிக்காரன் கயிற்றை இறக்குவான். எத்தனை விழுந்ததோ அத்தனை தடவை வெள்ளைத் தட்டு, விழாததற்குச் சிவப்புக் கொடி. நீளக் கழியில் கட்டி மேலே தூக்கிக் காட்ட வேண்டும். முந்நூறு அடிக்கு அப்பால் நிற்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

இறங்கியதும் அவள் கை நீட்டினாள். "ஆணியை எடுங்க."

"இல்லடி."

"இடுப்புல இருக்கு. எடுங்க. இன்னிக்கு ஒரு குத்து குத்தினீங்க, நானே ஏறிப்போய்ப் பெரிய ஐயாகிட்டச் சொல்லுவேன். இன்னிக்கு எது விழுதோ அது. அவ கோட்டை விட்ருவா. வீட்டுக்கு வந்திருவா."

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதைச் சேற்றில் போட்டு மிதித்தாள்.

மகள்தான் முதலில் சுட்டாள். தலைக்கு மேல் காற்று ஐந்து தடவை சொடுக்கியது. ஒவ்வொரு சொடுக்குக்கும் நடுவே நல்ல இடைவெளி, அவசரமில்லாத இடைவெளி. அப்புறம் கொம்பு ஊதினார்கள். குழிக்காரன் அட்டையை இறக்கினான்.

நாலு ஓட்டை. மூன்று வட்டத்துக்குள்ளே, ஒன்று இடுப்புப் பக்கம். ஒட்டுக்காரி விரலால் தொட்டுப் பார்த்தாள். நாலுக்கும் கறுப்பு வளையம் இருந்தது. பின்பக்கம் பிசிறு மலர்ந்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் ஓட்டைகளைப் பார்த்தவள். இதைவிட உண்மையான ஓட்டையை அவள் பார்த்ததில்லை.

குழிக்காரன் அட்டையைத் தன் பக்கம் திருப்பினான். "நெஜண்டி... நாலு! எவனும் சொல்லிக் குடுக்கல, தோட்டா குடுக்கல. பாருடி, எம் பொண்ணு" என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மகள் சுடுவாள், நன்றாகச் சுடுவாள் என்பது சந்தேகப் பிறவியான அவளுக்கே தெரிந்துவிட்டது. அதனாலேயே நிச்சயமாகப் போவாள் என்பதும் தெரிந்தது. மேல்முகாமில் அவளுக்கு எத்தனை தோட்டா கொடுப்பார்கள்? அங்கே மட்டும் செலவைக் குறைக்காமல் விடுவார்களா?

அவள் பசையில் விரலைத் தோய்த்தாள். வட்டத்துக்குள் இருந்த மூன்றையும் ஒட்டினாள். இடுப்பு ஓட்டையை மட்டும் விட்டாள்.

"அடிப் பாவி, என்ன பண்ற?" குழிக்காரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அது நெஜ ஓட்டைடி!"

"அதான் ஒட்டுறேன். கையை விடுங்க."

"நான் இல்லாததைக் குத்தினேன். நீ இருக்கறதை மறைக்கிற. நீ என்னைப் பேசினியே!"

"பேசினேன். இப்ப விடுங்க. எம் புள்ள எனக்கு வேணும்."

அவன் பிடி தளர்ந்தது. அவளே கழியைத் தூக்கினாள். வெள்ளை ஒரு தடவை. சிவப்பு நாலு தடவை. அந்த அட்டையை மட்டும் மற்றவற்றின் அடியில் செருகி, சாயங்காலம் தன் மேசைக்கே கொண்டுபோனாள்.

மற்ற ஒன்பது பேரும் சுட்டார்கள். மூன்றும் நாலுமாக எப்படியோ தேறினார்கள். மகள் ஒருத்திதான் தவறினாள். பெரிய அதிகாரி திருப்தியாகத் தலையாட்டினாராம்: பத்தில் ஒன்பது சரி, ஏதோ ஒன்று தப்பிவிட்டது. பட்டியலில் பதினொன்றாவது பேரைச் சேர்க்கச் சொன்னார். அவனையும் சுடச் சொல்லலாமா என்று யாரோ கேட்டதற்கு, தோட்டா தீர்ந்துவிட்டது, அட்டையில் ஏழு இருக்கிறதே, போதும் என்றுவிட்டார்.

பதினொன்றாவது பேர் கண்ணாடி.

மகள் மறுநாள் வீட்டுக்கு வந்தாள். கிடங்கு வேலைக்கான சீட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"அம்மா, நெஜமாவே ஒண்ணுதான் விழுந்துச்சா?"

"ஒண்ணுதான்."

"அழுத்தின அழுத்து எனக்குத் தெரிஞ்சுதும்மா. நாலு விழுந்திருக்கும்னு நெனச்சேன்."

"காத்து தள்ளியிருக்கும்."

"அப்பா?" என்று திரும்பினாள்.

குழிக்காரன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா சொல்றதுதான்" என்றான்.

"அப்போ எனக்கு வராதுபோல" என்றாள் மகள். இதுவரை தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது என்பது போல அதைச் சொன்னாள். தின்ன என்ன வேண்டும் என்று ஒட்டுக்காரி கேட்டாள். மகள் ஒன்றும் வேண்டாம் என்றாள்.

எல்லைக்குப் போகும் லாரி புறப்படுகிற நாளில் நெட்டை காலையிலேயே கொட்டகைக்கு வந்துவிட்டாள். மகனை வழியனுப்பக் கட்டிய புதுச் சேலை. உட்காரவில்லை, தூரிகையையும் தொடவில்லை.

"பதினோரு மணிக்கு லாரி" என்றாள்.

"தெரியும்க்கா."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். நல்லாத்தாம்மா சுட்டேன்னு சொல்றான். சொல்லும்போது என் முகத்தைப் பாக்க மாட்டேங்குறான்." நெட்டை மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். "எம் மவன் அட்டையை நீதான ஒட்டின? அன்னிக்குக் கவனிக்கலைன்னு சொன்ன. நீயாவது, கவனிக்காம இருக்கறதாவது! நெனச்சுப் பாத்துச் சொல்லு. அது ஆணின்னா இப்பவே ஓடிப்போய், லாரியை அனுப்ப வந்திருக்கற அந்தப் பெரிய ஐயா கால்ல விழுந்துடுவேன். எல்லா அட்டையையும் பிரிச்சுப் பாருங்கய்யான்னு சொல்லிடுவேன். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

எல்லா அட்டையையும் பிரித்தால் இவள் மேசைக்கு அடியில் கிடக்கிற அந்த ஒன்றும் பிரியும். மூன்று காகிதத்தை உரித்தால் போதும். லாரியில் யார் ஏறுவார்கள், யார் இறங்குவார்கள் என்பது ஒட்டுக்காரிக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"தோட்டாதான்க்கா" என்றாள். "வெளிம்பு கறுத்துக் கெடந்துச்சு. ஏழும்."

நெட்டை அவள் கண்ணையே பார்த்தாள். அப்புறம் நீளமாக மூச்சு விட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அது போதும்டி எனக்கு. உன் மக விஷயத்துல நான் உங்கிட்ட மறைக்கலை. நீ மட்டும் எங்கிட்ட மறைக்கவா போற?"